பதினேழாவது இழை

குஞ்சப்பனைக்கு மேலே ரோடு சரிந்து போயிருந்தது,
போகிறபோது எங்கள் கேபிளையும் இழுத்துக்கொண்டு.
மூன்றாம் நாள். ஐப்பசி அடைமழை.
தார்ப்பாய்க்குக் கீழே, ஜீப்பின் பின்பலகையில்
ஸ்பிளைசர் பெட்டியைத் திறந்து வைத்தேன்.
இருபத்துநான்கு இழை. முடி கனம்தான் இருக்கும்.
நீலம் ஆரஞ்சு பச்சை பழுப்பு என்று
சாயம் பூசிய கண்ணாடி.

சாயத்தை உரி. ஸ்பிரிட்டில் துடை.
நறுக்கு. நேருக்கு நேர் வை.
ஒரு பொறி,
இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றாகும்.
மூச்சு பட்டாலும் கெட்டுப்போகிற வேலை.
தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடி ஜோகி
தும்மலை அடக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் குடையோடு அந்தப் பெண் வந்தாள்,
அரவேனுவிலிருந்து நடந்தே. செருப்பெல்லாம் செம்மண்.
"எப்போ வரும்?"
காலையிலிருந்து பதினொரு பேர் கேட்டாயிற்று,
பேங்க்காரர், தேயிலை ஏலக்காரர், ஒரு மாப்பிள்ளை.
"உங்களுக்கு என்ன அவசரம்?"
"கடலடியில் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பாதியில் நின்றுவிட்டது."

தாட்சாயணி என்று பெயர்.
எங்கோ வடக்கே குளிர்கடலில்
விளக்கோடு ஒரு இயந்திரம் இறங்குமாம்.
அது அனுப்பும் படத்தை இவள்
அரவேனுவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து பார்க்கவேண்டும்:
உயிருள்ளது இத்தனை, செத்தது இத்தனை.
போனை நீட்டினாள்.

வெள்ளை வெள்ளையாய்
வாய் திறந்த குடுவைகள், ஒன்றின் தோளில் ஒன்று.
கடற்பஞ்சு என்றாள். எங்கே பஞ்சு? கண்ணாடி.
சூளை கிடையாது, பொறி கிடையாது,
வெளிச்சமே கிடையாது.
தண்ணீரில் கரைந்த மணல்சத்தைக் குடித்துக் குடித்து
எலும்பை இழையிழையாய் நூற்குமாம்,
வருஷத்துக்கு ஒரு விரல் அகலம்.
என் பெட்டி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"யார் ஒட்டுவது?" என்றேன்.
வேலைக்காரன் கேட்கிற கேள்வி. அவள் சிரிக்கவில்லை.
"செத்ததன் மேல்தான் குஞ்சு வந்து உட்காரும்,
அதன் எலும்பையே பிடித்துக்கொண்டு வளரும்.
இடுக்கில் சேறு நிரம்பும். மேலே இன்னொன்று.
இப்போது ஆறு மாடி உயரம்."
"எத்தனை நாளாக?"
"ஒன்பதாயிரம் வருஷம்."
ஜோகி தும்மினான்.
ஒன்பதாவது இழை போச்சு. மறுபடி நறுக்கினேன்.

பூண்டோடு அழிந்தது என்றுதான் நினைத்திருந்தார்களாம்,
கல்லில் மட்டும் பார்த்துவிட்டு.
அது பாட்டுக்கு இருந்திருக்கிறது,
யாரும் இறங்காத ஆழத்தில்.
இழுவலை ஒருமுறை போனால் போதும் என்றாள்,
உடைகிற சத்தம் படகுக்குக் கேட்காது.
இருவரும் சரிவைப் பார்த்தோம்.
ரிசார்ட்டுக்காக வெட்டிய மேடு,
சேற்றில் பாதி புதைந்த ஜேசிபி.
அதன் டிரைவர் எங்கள் பிளாஸ்கில்தான்
டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.
சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

பதினேழாவது இழை, அரவேனு டவர்.
இழப்பு சுழியம் புள்ளி சுழியம் இரண்டு.
ஒளி என் விரலுக்கடியில் போனதை நான் பார்க்கவில்லை.
பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.
அவள் கையில் போன் துடித்தது.
இருட்டில் ஒரு வெள்ளை வாய்,
அதன் ஓரத்தில் தூசு மெல்ல உள்ளே போனது.
"நானூற்றுப் பன்னிரண்டு," என்றாள், "உயிருள்ளது."
குடையை மறந்துவிட்டு
எண்ணிக்கொண்டே மேடேறினாள்.

மீதி ஏழு. மழை வலுத்தது.
பெருவிரலில் ஒரு சில்லு ஏறியிருந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரியவில்லை.
வெளிச்சம்தான் அதற்குள் போய்விடுகிறதே.
உட்காரட்டும் என்று
பதினெட்டாவதை உரித்தேன்.