இருபது

மாங்குளம் ஆஸ்பத்திரியில், பெண்கள் வாட்டில்,
எல்லாரும் நிமிடத்துக்கு இருபது தரம்தான் மூச்சு விடுவார்கள்.
கட்டில் ஒன்று, இருபது. கட்டில் இரண்டு, இருபது.
சலக்கடுப்புக்காரி இருபது, பாம்பு கடித்தவ இருபது,
நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிறவவும் இருபது.
நெஞ்சைப் பாராமல் எழுதின இருபதுகள்.
என் கையெழுத்திலும் கிடக்கு.

இரவு இரண்டு மணி.
ஆறாம் கட்டிலில் யோகமலர், நாற்பத்திமூன்று வயது, முத்தையன்கட்டு.
வேலி அடைக்கையில் உள்ளங்கையில் காரைமுள் ஏறி நாலு நாள்.
ஊசியால் கிண்டி எடுத்து
மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தா.
பின்னேரக் கொப்பியில் "காய்ச்சல் இல்லை".
உண்மைதான். முப்பத்தைந்து தசம் எட்டு.
தொட்டால், பானைத் தண்ணீரில் கிடந்த கைமாதிரி.

"மிஸ், கண்டைக் கட்டியாச்சோ?"
என்று என்னைக் கேட்டா.
நித்திரைக் கலக்கம் என்று நினைத்தேன்.
இரண்டு அடி நடந்தும் விட்டேன்.

போர்வை விலகியிருந்தது.
முழங்காலைச் சுற்றி ஊதா நிறத்தில்
சிக்குப்பட்ட வலை.

நின்று, மணிக்கூட்டைப் பார்த்து, எண்ணத் தொடங்கினேன்.
பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காமல்
முழு நிமிடமும்.
அந்த ஒரு நிமிடத்துக்குள்
போன மாரியில் மூன்றாம் கட்டிலில் கிடந்த
தெய்வானைப்பிள்ளை வந்து போனா:
பத்து மணிக்கு இருபது,
இரண்டு மணிக்கு இருபது,
ஆறு மணிக் கட்டத்தில் ஒரு கோடு.
இருபதுகள் இரண்டும் நான் எழுதினவை.

முப்பத்திரண்டு.

டொக்டர் மதுரங்கவுக்குத் தமிழ் அரைகுறை,
எனக்குச் சிங்களம் அரைகுறை,
எண்கள் மட்டும் முழுசு.
மூச்சு முப்பத்திரண்டு. நாடி நூற்றியிருபத்தெட்டு.
பிரஷர் எண்பத்திநாலின் கீழ் ஐம்பது.
"வாறன்" என்றார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒக்சிசன். இரண்டு கையிலும் ஊசி;
இடக்கையில் நரம்பு ஒளித்துக்கொண்டது, மூன்றாம் தரம் பிடிபட்டது.
முதலில் கல்ச்சருக்கு இரத்தம், பிறகுதான் மருந்து.
அவசரத்திலும் அந்த ஒழுங்கு பிசகக்கூடாது.
குப்பியைக் குலுக்கக் குலுக்க
தூள் கரைய மாட்டேன் என்றது.
இரண்டு நாற்பதுக்கு அன்டிபயோட்டிக் ஏறியது.
சேலைன் போத்தலை நான் கையால் அமத்திக்கொண்டு நின்றேன்.
லக்ரேற் பார்க்கிற மெசின் கிளிநொச்சியில்.
எங்களிடம் முழங்கால் இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வாங்கில், ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து
அவவின் மனுசன் தர்மகுலம்.
"கிருமி இரத்தத்தில கலந்திட்டுது."
"ஒரு முள்ளுக்கோ?"
"ஒரு முள்ளுக்குத்தான்."
அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.
அதே வேலி, அதே நாள், அவரும் அடைத்தவர்.

மூன்று மணிக்குப் பையில் சலம் எட்டு மில்லி.
தபால் ரயில் போகையில் யன்னல் அதிர்ந்தது,
பையும் கொஞ்சம் ஆடியது, ஒன்றும் கூடவில்லை.
ஐந்துக்கு இருபத்தைந்து.
சாயத் தண்ணீர் நிறத்தில் அந்த இருபத்தைந்து மில்லியை
விளக்குக்கு நேரே பிடித்து
மூன்று தரம் பார்த்தேன்.

ஆறுக்கு அம்புலன்ஸ்.
ஏற்றும்போது, "கண்டு" என்றா திரும்பவும்.
"கட்டியாச்சு" என்றேன். பொய்.
தர்மகுலம் மோட்டார்சைக்கிளில் பின்னால் போனார்.
இதற்குமேல் எனக்குத் தெரியாது.

கடமை முடிய இன்னும் ஒரு மணி.
மற்றக் கட்டில்களிலும் நின்று நின்று எண்ணினேன்.
பதினாறு. பதினெட்டு. இருபத்திரண்டு.
பதினாலு, குறட்டையோடு.
காலை வந்த சசிரேகா, "ஏன் இன்னும் கொப்பி முடியேல்லை?" என்றாள்.

கடைசிக் கட்டில், பாம்பு கடித்தவ:
சரியாக இருபது.
ஒருத்தரும் நம்பப் போவதில்லை.
திரும்ப ஒருக்கால் எண்ணினேன்.