நாலாவது

ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு என்று
வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டு.
கோயிலுக்குச் சாமி வந்து எத்தனையோ வருஷமாச்சு.
ஆற்றிலும் ஒரு மழைக்கு வெள்ளம் போனது.
கேலி மட்டும் வற்றவில்லை.
நான் அதில் நாலாவதைச் சேர்த்துக்கொண்டேன்:
சாவி இல்லாத தலைவர்.

ஒடுகத்தூர் ரோட்டில், புளியமர வளைவுக்கு அடுத்து
எங்கள் பால் கூட்டுறவுச் சங்கம்.
சுவரில் நீல எழுத்தில் என் பெயர்:
திருமதி தே. தேசம்மாள், தலைவர்.
பெயருக்குக் கீழே பத்து எண்கள்.
அது வீட்டுக்காரர் செல் நம்பர்.
வேலூரிலிருந்து யார் கூப்பிட்டாலும்
"தலைவர்தான் பேசறேன்" என்கிறார்.
பொய் என்று சொல்ல முடியாது,
பேசுவது அவர்தானே.

பீரோச் சாவி செயலாளர் இடுப்பில்.
ரப்பர் ஸ்டாம்பு வீட்டுக்காரர் சட்டைப் பையில்.
ஊதா மை ஊறிய அந்தச் சட்டையைத் துவைப்பது மட்டும்
தலைவரின் பொறுப்பு.
எவ்வளவு சோப்பு போட்டாலும்
"லைவர்" போய்விடுகிறது,
"த" போவதில்லை.

கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு.
அந்த நேரத்தில் யார் கை மாட்டு மடியில் இருக்கும் என்று
அவர்களுக்குத் தெரியாதா?
கறந்து, கன்றை அவிழ்த்துவிட்டு, பாலை ஊற்றி,
கை கழுவிக்கொண்டு நான் போய்ச் சேரும்போது
தீர்மானம் எழுதி முடித்திருக்கும்.
"ஒருமனதாக" என்று இருக்கும்.
என் மனது இப்போதுதானே வாசலில் செருப்பைக் கழற்றுகிறது.
"இன்னாம்மா படிச்சிகினு கீற, போடு" என்பார் சம்பங்கி.
நாற்காலி எல்லாம் நிறைந்திருக்கும்.
நின்றுகொண்டே போடுவேன்.

போன சித்திரையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரம்,
தீவனச் செலவு எழுபத்திரண்டாயிரம் என்று எழுதியிருந்தது.
அவ்வளவு தின்ற மாட்டை நான் பார்த்ததில்லை.
ஊரில் எல்லா மாட்டையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.
பேனாவை மூடினேன்.
"பில்லைக் காட்டுங்க."
செயலாளர் வீட்டுக்காரரைப் பார்த்தார்.
வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார்.
அன்றைக்கு வண்டியில் ஏறச் சொல்லவில்லை.
நடந்தே போனேன்.

நடக்கும்போதுதான் கணக்கு ஓடியது.
விடிகாலை வரிசையில் தூக்குக்கேனோடு நிற்பதெல்லாம் நாங்கள்.
ஓட்டுப் பட்டியலில் இருநூற்றுப் பதினாலு பேரில்
எங்கள் பெயர் முப்பத்தொன்று.
ரங்கநாயகி மூன்று மாடு வைத்திருக்கிறாள்,
அட்டை பெங்களூரில் பெயிண்ட் அடிக்கிற மைத்துனன் பேரில்.
வள்ளியம்மையின் அட்டை
செத்துப்போன மாமனார் பேரில்.
அவர் இன்னும் தினம் ஆறு லிட்டர் ஊற்றுகிறார்,
தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறார்.

மறுநாளிலிருந்து பால் ஊற்றுகிற நேரத்திலேயே
உறுப்பினர் படிவம் எழுதினோம்.
டெஸ்டர் ஷமீம், ஒரு கொழுப்பு அளவுக்கும்
அடுத்த கொழுப்பு அளவுக்கும் நடுவில்,
"உங்க பேரு? உங்க பேரைச் சொல்லுங்கக்கா" என்று கேட்டாள்.
சிலர் பழக்கத்தில் புருஷன் பேரைச் சொன்னார்கள்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.
பங்குத்தொகையைச் சில்லறையாக
முந்தானை முடிச்சிலிருந்து எண்ணிக் கொடுத்தார்கள்.
நாற்பத்தாறு படிவம்.
ஒவ்வொன்றிலும் தலைவர் முத்திரை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைக்க வந்தது.
பையைத் துழாவினேன்.
ஒரு பீடிக்கட்டு, ஒரு பஸ் டிக்கெட்,
அப்புறம் அது.
மை காய்ந்திருந்தது. வாயால் ஊதி ஈரமாக்கி,
கல்லின் மேல் படிவத்தை விரித்து
முதல் முறையாக நானே குத்தினேன்.
கோணலாக விழுந்தது.
இரண்டாவது கொஞ்சம் நேராக.

கூட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளுமா, தெரியாது.
ஆறு மணிக்குத்தான் அதுவும் வரும்,
மாடுகளும் அதே நேரத்துக்குத்தான் கத்தும்.

"சட்டை எங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.
"இன்னும் நனையவே இல்ல" என்றேன்.
முப்பத்தெட்டாவது படிவத்தில் இருந்தேன்.