கடையாணி

என்னிடம் பதினேழு கொடிகள் உண்டு.
ஒன்றைக்கூட ஏற்ற முடியாது.
எல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியாமல்
அவரவர் வீட்டில் தைத்துக்கொண்டவை.
ஒன்றில் ராட்டை பின்பக்கம் பார்த்து நிற்கும்.
ஒன்றில் பச்சை மேலே ஏறிவிட்டது.
ஒன்றில் நட்சத்திரத்துக்கு ஆறு முனை போட்டு
ஒரு முனையை மையால் அழித்திருக்கிறார்கள்.

சூளகிரி எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
கிரானைட் லாரி ஏறி நிற்கிற அந்த அரை நிமிடத்தில்
டிரைவர்களிடம் சொல்லிவைப்பேன்.
சிரிப்பார்கள்.
மறக்கவும் மாட்டார்கள்.

"அஞ்செட்டிப் புளிமண்டியில ஒரு சாக்கு.
ஒட்டுத்துணி மூணு கலரு"
என்றான் முனிராஜு, டீசல் கையைத் துடைத்தபடி.

மண்டிக்காரி சித்தலிங்கம்மா
என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.
"துணிய நீ எடுத்துக்க.
ஓட்டைக்கு என்ன தருவ?"
நாலு புதுச்சாக்கு என்றேன்.
ஆறில் முடிந்தது.

மேல் பட்டை காவியா, புளிக்கறையா,
இனி யாரும் சொல்ல முடியாது.
பச்சை ஏதோ சேலையின் முந்தானை;
மாங்காய் ஒன்று பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.
நடுவில் நீலநூல் சக்கரம்.
எண்ணினேன். பன்னிரண்டு ஆரம்.
மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான்.
குடத்துக்கு வெளியே குறுக்காக ஒரு சின்னக் கோடு,
அதன் தலை வளைந்து.

கடையாணி!

இனிமேல் ராட்டை இல்லையாம், சக்கரமாம் என்று
யாரோ பஸ்ஸிலிருந்து இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும்.
எந்தச் சக்கரம் என்று சொல்லாமல்
அதே பஸ்ஸில் போயிருக்க வேண்டும்.
தையற்காரன் வாசலைப் பார்த்திருப்பான்.
மாடு அவிழ்த்த வண்டி ஒன்று நின்றிருக்கும்.
ஆணி இல்லாமல் உருளாது என்று அவனுக்குத் தெரியும்,
அதனால் அதையும் சேர்த்துத் தைத்துவிட்டான்.

இதெல்லாம் நானாகச் சொல்வது.
பெங்களூர் வியாபாரி போனில் கேட்டான்:
வருஷம்? தைத்தவர் பேர்? ஆதாரம்?
கடையாணி இருக்கிறது என்றேன்.
வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு லாரி வரத்து நின்றது.
அறுபது டன் தாங்கும் மேடைக்கு நடுவில்
அதை விரித்து, நாலு மூலைக்கும் ஜல்லி வைத்து
அறைக்குள் வந்து பார்த்தேன்.
சிவப்பு எண் அசையவில்லை.
பத்து கிலோவுக்குக் கீழே எதையும்
அந்த இயந்திரம் கணக்கில் எடுக்காது.

என்றாலும் ஒரு சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
எடை: சைபர்.
சரக்கு என்ற இடத்தில் வந்து
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
புளி என்று போட்டேன்.

வெளியே போய் மடிக்கக் குனிந்தால்
எறும்பு வந்துவிட்டிருந்தது,
வரிசையாக, வெள்ளைப் பட்டையின் மேல்.