ஒலிவாங்கி இல்லாத அறை

ரயில் வரும்போதெல்லாம் கையை உயர்த்தி
நிறுத்துங்கள் என்கிறேன்.
ஷெரோமி சிரிக்கிறாள்.
கமராவுக்குப் பின்னாலிருந்து அல்போன்சும்.

வெள்ளவத்தையில், தண்டவாளத்தை ஒட்டி, மூன்றாம் மாடி.
ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.
பிளேன்டீயில் வட்டம் வட்டமாய் அலை.
இந்த அறையில் ஒலிவாங்கி இல்லை.
பதினொரு மாதமாகியும்
என் கைக்கு அது விளங்கவில்லை.

என் வேலை சின்னது.
அவர்கள் கைகளால் சொல்வதை
வேதத்தை ஒருநாளும் வாசிக்காதவன்போலப் பார்த்து
திரும்பத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும்.
பிழை இருந்தால் அங்கே பிடிபடும்.

போன கிழமை, ஆடுகளுக்கு மேய்ப்பனின் குரல் தெரியும்
என்ற இடம் வந்தது.
ஷெரோமி வெகுநேரம் சும்மா இருந்தாள்.
பிறகு, தூரத்தில் ஒருவன் நடந்து வந்தான்
அவளுடைய இரண்டு விரல்களில்,
இடது தோள் கொஞ்சம் சாய்ந்து.
ஒரு ஆடு தலை நிமிர்ந்தது.
நான் 'நடை' என்று எழுதினேன். வெட்டினேன்.
'சாயல்' என்று எழுதினேன். அதையும்.
கடைசியில் குழு அதைக் குரல் என்றே ஏற்றுக்கொண்டது.

இன்று மாற்கு, ஏழாம் அதிகாரம்.
காது கேளாத ஒருவனைக் கூட்டிவருகிறார்கள்.
பழைய தமிழில் அவனுக்கு இரண்டு பட்டம்,
இரண்டும் பள்ளிக்கூடத்தில் அல்போன்சுக்கு வைத்தவை.

இந்தப் பகுதியை வாசித்துத்தான்
என் தலையில் எண்ணெய் பூசினார்கள், என்றான் அவன்.
ஏழு வயதில். மூன்று தரம்.
ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து
அம்மா என் பின்னால் நின்று கை தட்டினாள்.
காற்று பிடரியில் பட்டது,
அதற்காகத் திரும்பிப் பார்த்தேன்.
பாவம், இரண்டு நாள் சந்தோஷமாய் இருந்தாள்.

இதை விட்டுவிடுவோமா?
விட ஏலாது, என்றேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.
இருட்டில் யாரும் கதைக்க முடியாது இங்கே.
எனக்கு மட்டும் கடல் கேட்டது.
எதிர்வீட்டு ஜெனரேட்டர், யாரோ படியிறங்குவது.
அவர்களுக்கு அதுவும் இல்லை.

ஷெரோமி கைத்தொலைபேசி விளக்கைப் போட்டு
பணிஸ் பெட்டியில் சாய்த்து வைத்தாள்.
வெளிச்சத்துக்குள் கைகளை நீட்டி
முதலிலிருந்து தொடங்கினாள்.
கூட்டத்திலிருந்து அவனைத் தனியே அழைத்துப் போகிறார்.
காதுகளில் விரல்.
உமிழ்ந்து, நாவைத் தொடுகிறார்.
கண் மேலே போகிறது.
தோள் ஏறி இறங்குகிறது: பெருமூச்சு.

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.
இதுவரை அவர் வாய் திறக்கவில்லை, கவனித்தாயா?
முழுக்கக் கை. முழுக்க முகம்.
அவனோடு அவன் பாஷையில்தான் கதைத்திருக்கிறார்.
கிரேக்கம், லத்தீன், உன் தமிழ்
எல்லாம் இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு.
நாங்கள் மூலம்.

சுவரில் அவள் விரல்களின் நிழல்
ஆளுயரத்துக்கு நின்றது.

அல்போன்ஸ் வெளிச்சத்துக்குள் ஒரு கையை மட்டும் வைத்தான்.
இவ்வளவு நன்றாய்க் கதைத்தவர்
பிறகு ஏன் அவனை மாற்றினார்?

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
கரண்ட் வந்தது, மின்விசிறி காகிதங்களைக் கலைத்தது.
இரண்டு தரம் பதிவு செய்தோம், இரண்டாவது நல்லது.
குறிப்புப் பத்தியில் அவன் கேள்வியை அப்படியே எழுதினேன்.
யாருக்கு அனுப்புவதென்று தெரியாது.
'திறக்கப்படு' என்ற அந்த அரமேயச் சொல்லை
எந்த எழுத்தில் விரலால் காட்டுவது,
சிங்களமா, தமிழா, ஆங்கிலமா?
செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்தோம்.

காலி வீதியில் மாலை நெரிசல்.
அவர்கள் அந்தப் பக்கம் கடந்துவிட்டார்கள்.
நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கத்தினேன்.
நூறாம் இலக்க பஸ் அதைத் தின்றது.
பிறகுதான் கையை எடுத்தேன்.

அல்போன்ஸ் எட்டு விரல் காட்டினான்.
கொஞ்சம் யோசித்து,
தண்டவாளத்தில் ஒரு ரயிலை ஓடவிட்டு,
என்னைப் போலவே முகத்தைச் சுளித்து
கையை உயர்த்தி
நிறுத்துங்கள் என்றான்.