மூன்று பேருக்கு ஒரு தவளை

கொழிஞ்சாம்பாறைக் கல்லூரியில்
தவளையை அறுப்பது நின்று பல வருடம்.
குண்டூசித் தழும்புள்ள மெழுகுத் தட்டுகளில்
விலங்கியல் துறை இப்போது
சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறது.

ஜெயதேவன் சார் படிவம் கொண்டுவந்தார்:
தவளை, உள்ளுறுப்புகள், நாற்பத்தொரு நிமிடம்.
வாங்கிடலாம் சார் என்றேன்.
அந்த வினைச்சொல் தப்பு என்று
பெங்களூரிலிருந்து பேசிய பெண் திருத்தினாள்.
வாங்குறதில்ல மேடம், சந்தா.
மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவு வரை.
ஒரே நேரத்தில் மூன்று பேர்.

லேபில் நாலு பேருக்கு ஒண்ணு கொடுப்போம்,
திருப்பித் தர வேண்டியதில்லை
என்றார் அட்டெண்டர் வேலாயுதன்.

கீழ்த் தட்டில்
இருநூற்றுப் பன்னிரண்டு குறுந்தகடுகள்.
எண் ஒட்டி, முத்திரை குத்தி
முழுக்க எங்களுடையவை.
அவற்றை விழுங்க வாயுள்ள கம்ப்யூட்டர்
கட்டடத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்தப் பக்கம் எல்லோருக்கும் நீர்க்கணக்கு தெரியும்.
ஆழியாற்றில் இத்தனை கன அடி திறந்தார்கள்
மூலத்தறையில் இத்தனைதான் வந்தது
மீதி எங்கே என்று டீக்கடையில் கேட்பார்கள்.
எனவே கமிட்டியில் நான் நீட்டவில்லை.
தண்ணி மாதிரிதான் சார்,
ஷட்டர் மேலே இன்னொருத்தர் கையில்.
கையெழுத்தானது.

அட்டவணையில் ஏற்றுவது என் வேலை.
தலைப்பு, கால அளவு, சுட்டி.
பொருள் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல்
மலையாளத்தில் தவள.
மூன்று வாரம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

தேடல் பதிவைத் திறந்தேன்.
தவளை: பூஜ்யம்.
தவளை இதயம்: பூஜ்யம்.
தவலை, யாரோ அவசரத்தில்: பூஜ்யம்.
வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரத்துப் பிள்ளைகள்
தங்கள் எழுத்தில் தட்டிவிட்டு
திறக்காத கதவென்று போயிருக்கிறார்கள்.
நடுவே இருந்தது ஓர் ஐகாரம்.
சோதனைச்சாவடிக் கம்புகூட
அத்தனை ஒல்லியில்லை.

தமிழில் சேர்த்தேன்.
மென்பொருள் அதை நாலு கேள்விக்குறியாக்கியது.
திருவனந்தபுரத்துக்கு இரண்டு மெயில், ஒரு சண்டை.
பிறகு எழுத்தானது.

வீட்டிலிருந்து பார்க்கக் கடவுச்சொல்லும் கொடுத்தோம்.
பொள்ளாச்சி பஸ்ஸில் போகிறவர்கள்
சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மற்றவர்கள் தூங்கியபின்
பார்க்கிறார்கள் போலும்.
அறிக்கை நேரம் சொல்லும்,
பெயர் சொல்லாது. சொல்லவும் கூடாது.
ஒருவர் மட்டும் பதினேழாம் நிமிடத்தை,
கத்தரி மார்பெலும்பைத் தாண்டும் இடத்தை,
பதினொரு தடவை. இரவு இரண்டு பத்துக்கு.

நானும் ஒருநாள் ராத்திரி பார்த்தேன்.
மூன்று அறை கொண்ட சின்ன இதயம்.
சிக்னல் போய்
பாதித் துடிப்பில் நின்றது.
அதன்மேல் ஒரு வட்டம் சுற்றியது.
அப்புறம் எதுவும் நடக்காததுபோல்
விட்ட இடத்திலிருந்து துடித்தது.

நாலாவதாக வருகிறவருக்குச்
சிவப்பில் ஒரு வரி வரும்:
இருக்கைகள் நிரம்பின.
மூன்றாவது ஆள் நான்தானோ என்று உறைத்ததும்
சட்டென்று வெளியேறினேன்,
பஸ்ஸில் கர்ப்பிணி ஏறியதைப் பார்த்தவள் மாதிரி.

புதுப்பிக்க வேண்டுமென்றால்
ஒரு பார்வைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டார்கள்.
வகுத்தேன். ஒரு டீ, ஒரு பழம்பொரி.
கோப்பு பிரின்சிபால் மேஜையில்.
பிரின்சிபால் பயிற்சி முகாமில்.
செய்முறைத் தேர்வு ஏப்ரல் மூன்று.

மூணே நாள், என்றேன் பெங்களூர்ப் பெண்ணிடம்.
அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, குரலில் தெரிந்தது.
சிஸ்டம் மேடம், தானா மூடிக்கும்.

அறிக்கையின் கடைசிப் பக்கம்:
ஏப்ரல் ஒன்று.
மறுக்கப்பட்டவை: ஒன்று.
நேரம்: பன்னிரண்டு மூன்று.
கேட்ட இடம்: நிமிடம் பதினேழு.

அச்செடுத்தேன்.
மஞ்சள் பேனாவால் ஒரு கோடு.
புது விண்ணப்பத்தில் பன்னிரண்டாம் கட்டம்,
தேவைக்கான ஆதாரம் என்று கேட்கிற இடத்தில்
பசை தடவி ஒட்டினேன்.
கட்டம் சின்னது.
கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.