வாசலில் செத்த கழுதை

நான் யோசிக்கக் கூடாது. அதற்குத்தான் கூலி.
பும்பெதித்தா கல்விக்கூடத்தில்
கடைசி வரிசைக்கும் சுவருக்கும் நடுவே நிற்பேன்.
"தவ்யோமி, கழுதை" என்பார்கள்.
கழுதை பற்றிய சட்டம் முழுவதையும் கொட்டுவேன்.
"போதும்" என்றால் நிறுத்துவேன்,
பாதிச் சொல்லில்கூட.

தோராவுக்குத் தோல்சுருள் உண்டு.
அதற்கு முன்னோர் சொன்ன விளக்கத்துக்கோ
மையும் ஆகாது, தோலும் ஆகாது.
ஆகவே நான்.
எழுதப் படிக்கத் தெரியாத இந்தத் தலைக்குள்
வயல் வரப்பு, விவாகரத்து, ஓய்வுநாள் அடுப்பு,
மாடு முட்டிய வழக்கு அறுபத்துச் சொச்சம்
கூடையில் அமுக்கிய பேரீச்சம்பழமாய்
ஒட்டிக் கிடக்கின்றன.
ஒன்றை உருவினால் நான்கு வரும்.

அறிஞர்கள் என்னைப் பார்ப்பதில்லை.
புத்தகத்துக்கு ஏது முகம்?

எலூல் மாதம். ஊர் கொள்ளாத வெளியூர்க்காரர்கள்,
உழவை விட்டு, கடையைச் சாத்திவிட்டு
ஒரு மாதம் படிக்க வந்தவர்கள்.
கூரைமேலும் ஆட்கள். யூப்ரடீஸின் சேற்று வாடை.
என் மகளுக்குக் காய்ச்சல் நான்காம் நாள்.
விடியலில் மஹ்தூக்த், என் மனைவி,
மந்திரம் எழுதிய மண்கிண்ணம் ஒன்றை
வாசலில் குழி தோண்டிக் கவிழ்த்தாள்.
விளிம்பிலிருந்து அடிவரை
சுற்றிச் சுற்றி இறங்கும் எழுத்து.
"என்ன போட்டிருக்கு?" என்றாள்.
அத்தனை சட்டமும் தெரிந்தவன்
உதட்டைப் பிதுக்கினேன்.
"மிதிக்காதே, தாண்டிப் போ."
தாண்டிப் போனேன்.

"தவ்யோமி, இரவல் கழுதை."
"ஒருவன் கழுதையை இரவல் வாங்கி, அது
வாசலில் செத்தால்..."

வழியில். வழியில் செத்தால்.
பாட்டன் பூட்டன் காலம் தொட்டு
அது வழியில்தான் செத்துக்கொண்டிருந்தது.
நாக்கைக் கடித்தேன். அதற்குள் ஒரு கை உயர்ந்துவிட்டது.

எந்த வாசல்? கொடுத்தவன் வாசலா, வாங்கியவன் வாசலா?
முன்னங்கால் உள்ளே, பின்னங்கால் வெளியே என்றால்?
வாசல் வீட்டோடு சேர்த்தியா, தெருவோடா?
தலை எங்கே சாய்ந்ததோ அங்கே என்றார் ரவ் குர்யா.
அப்படியானால் வால் யாருக்கு என்றது கூரை.
மூன்று நாள்.
இரண்டாம் நாள் நான் வாயைத் திறந்தேன்.
"புத்தகம் இருமுகிறது" என்றான் ஒரு மாணவன்.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கூட்டம் கலைந்த மாலை
ரவ் குர்யாவின் செருப்பருகே நின்று சொன்னேன்:
தவறு என்னுடையது. அது வழி. வீட்டில் குழந்தை...
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
குழந்தைக்கு என்ன என்று கேட்டாரோ,
கேட்கவில்லையோ, நினைவில் இல்லை.
என் சங்கதிக்கு இந்தத் தலையில் இடம் கிடையாது.
"மூன்று நாள் பேசியதை
இனி யார் பேசாததாக ஆக்குவது?" என்றார்.
"இப்படி வைத்துக்கொள்:
வழியில் செத்தால். சிலர் சொல்வர், வாசலில்."

அந்தச் சிலர், நான் ஒருவன்.

போன வாரம் சூராவிலிருந்து
ஒப்பிப்பவன் ஒருவன் வந்தான்,
என்னைவிட மூத்தவன், முன்பல் இல்லாதவன்.
இந்த வரி அவர்கள் ஊரில் இல்லையாம்.
நாற்பது முறை சொன்னேன். திருப்பிச் சொன்னான்.
பிசகே இல்லை.
"சிலர் சொல்வர்" என்றான்,
நின்றான், எச்சில் விழுங்கினான்,
"வாசலில்" என்றான்.

ஏன் நிற்கிறாய் என்றேன்.

நீ நின்றாய் என்றான்.