விளிப்பு வரி

பொருள் என்ற இடத்தை நிரப்பிவிட்டேன்:
அன்புவழிபுரம் காணி, வடக்கு எல்லை.
அதற்குக் கீழே கர்சர் துடிக்கிறது,
படலையில் நிற்கிற கடன்காரன் போல.

நோர்வேயிலிருந்து வந்த மெயிலின் அடியில்
பவளகாந்தன் சிற்றம்பலம் என்றிருந்தது.
அங்கே பின்னால் வருவதுதான் பெயராம்.
நானும் மரியாதையாக
டியர் மிஸ்டர் சிற்றம்பலம் என்று
இரண்டு தரம் எழுதினேன்.
அவரும் இரண்டு தரம்
டியர் மிஸ் காசிநாதர் என்று பதில் போட்டார்.

மூன்றாவதில்தான் சிரிப்பு வந்தது.

சிற்றம்பலத்தாரும் என் அப்பாவும்
பதினொரு வருசம் முகம் பார்க்காதவர்கள்.
ஒன்றரை அடி நிலம், அதில் ஒரு முருங்கை.
வேலியில் இருந்த பொட்டை
ஒரே பகலில் தகரம் வைத்து அடைத்தார் அப்பா.
அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது
சிற்றம்பலத்தார் ஒழுங்கை முகப்பில்
சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்,
குனிந்தபடி, வெகுநேரம்.

இப்போது இருவரும்
அன்புள்ள, அன்புள்ள என்று
நில அளவைப் படம் இணைத்து அனுப்பிக்கொள்கிறார்கள்.

பவளகாந்தன் என்று போட்டுப் பார்த்தேன்.
இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.
காந்தன்? அது அவன் தாய் கூப்பிடுவது.
அண்ணா என்றால் பொய்,
என்னைவிட நாலு மாதம் இளையவன்.
பொட்டுக்குள்ளால் நான் கூப்பிட்டதெல்லாம்
டேய்.
அதற்குப் பின்னால் காற்புள்ளி போடலாமா?

உட்துறைமுக வீதியில், கந்தோர் மதிலுக்கு வெளியே
ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த கடித உறையைச் சப்புகிறது,
விலாசத்தோடு.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.
டியரை அழித்தேன். மிஸ்டரை அழித்தேன்.
சிற்றம்பலத்தில் விரல் நின்றது.
இருக்கட்டும்.

சிற்றம்பலத்தாரின் மகனுக்கு,
அளவையாளர் வியாழன் வருகிறார்.
முருங்கையில் கை வைக்க வேண்டாமென்று
சொல்லியிருக்கிறேன்.
காசிநாதரின் மகள்.

இரவு பதில் வந்தது,
ஆங்கில எழுத்தில் தமிழ்.
பெயருமில்லை, டியருமில்லை.
முருங்கை இப்பவும் காய்க்குதா?
ஒன்றரை அடியை விடு.

விடு என்றால் மறந்துவிடு என்றா,
விட்டுக்கொடு என்றா?
சிற்றம்பலத்தாரின் மகன், எதுவும் நடக்கும்.
போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்,
திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

விடுங்கோ என்று எழுதவில்லை.